மணமுண்டோ என்று டாக்டர் கேட்டது

இன்று காலை சிவலைப் பசு காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தது. குளம்பிடுக்கைப் பிரித்துப் பார்த்தேன். அந்த நாற்றம் குப்பென்று அடித்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். "மணமுண்டோ?" என்று கேட்டார். "நாறுதுங்க டாக்டர், அழுகல் நாத்தம்" என்றேன். போனை வைத்துவிட்டு, ஏனுங்க, உங்களிடம் சொல்லத் திரும்பினேன். உங்கள் கட்டில்தான் வெறுமனே இருந்தது.

இதே நாற்றம் உங்கள் காலில் அடித்தபோது நான் வேறு பதில் சொன்னேன். அதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை.

தோப்பில் ஆணி ஏறிய கால். சர்க்கரை உடம்பு வேறு. இங்கே டாக்டர் கிருமிக்குச் செஃபலோஸ்போரின் வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளும் வீக்கம் வடியவில்லை என்று போன் செய்தேன். அவரும் மலையாளத்தில் இதையேதான் கேட்டார், "மணமுண்டோ?" என்று. மணம் என்றால் எனக்கு மல்லிகை, ஏலக்காய். புண்ணில் எங்கிருந்து மணம் வரும்? "மணமெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். அதே மாத்திரையைத் தொடரச் சொன்னார். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி மலையாள நாட்டுக்கு வாக்கப்பட்டு வந்து முப்பது வருடம் ஆகியும், எனக்கு வீட்டிலும் காட்டிலும் தமிழ்தானே.

கடைசியில் உங்களைக் கொண்டுபோன கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். காற்றே படாத ஆழத்தில் வாழும் கிருமிகள் உண்டாம். செஃபலோஸ்போரினில் ஓரிரண்டுக்குத்தான் அவை ஓரளவு கட்டுப்படும், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் கேட்காது, கூடவே மெட்ரோனிடசோல் போல ஒரு மருந்தைச் சேர்க்க வேண்டும் என்றார். "அழுகல் நாத்தம் அடிச்சாலே அந்தக் கிருமியைச் சந்தேகப்படணும்மா." நீங்கள் அந்த வலியிலும் சிரித்தீர்கள். "கோரைப்புல்ல மேல அறுத்துப்போட்டு கெழங்க மண்ணுல உட்டாப்ல ஆயிப்போச்சு புள்ளே." மறுநாள் பாதிப் பாதத்தை எடுத்தார்கள்.

பிறகு ஒருநாள் கொழிஞ்சாம்பாறை சந்தையில், அழுகிய மீனைத் தாண்டிப் போன ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு "வல்லாத்த மணம்!" என்றாள். ஐயோ, அன்று டாக்டர் கேட்டது இதைத்தானா! மலையாளத்தில் நாற்றத்துக்கும் அதே சொல்தான்.

நீங்களோ மாத்திரை எழுதிய டாக்டரைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள். "எம்பட காலத் தின்னவன்" என்பீர்கள். அவர் ஒருநாள் உங்களைப் பார்க்க வீடு தேடி வந்தார். "நான் இல்லீன்னு சொல்லு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அவர் வாசலிலேயே நின்று, "நேரா வரச்சொல்லிப் பாக்கணுமாயிருந்து. என் தப்பு" என்றார். பாவி நான், தலையை ஆட்டி அனுப்பிவைத்தேன். உங்கள் கோபம் என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம்.

இரண்டு வருடம் கழித்து நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தீர்கள். அதுவரை அவரைத்தான் திட்டினீர்கள். நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "அட கூறுகெட்டவளே" என்று ஊரே கேட்கக் கத்தியிருப்பீர்கள். நாலு நாள் பேசியிருக்க மாட்டீர்கள். ஐந்தாம் நாள் காப்பி கேட்டிருப்பீர்கள்.

நாளைக்கு பஸ் ஏறிப் போய் அந்த டாக்டரிடம் சொல்லப்போகிறேன். நல்ல மனுசன், மன்னித்துவிடுவார். எனக்கு வேண்டியது உங்கள் வாயால் ஒரு திட்டு. அதற்கு நான் எங்கே போவேன்?