வெள்ளியில் உன் பேச்சு

பிப்ரவரி 4

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

இல்லை, உன்னைக் கேலி செய்வதற்காக இல்லை. கண்காட்சி அழைப்பிதழில் இருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நான் சொன்னதுதானே?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். ஆமாம். இந்தத் தடவை நான் செய்த நகைகள் எல்லாமே நம் வீட்டில் புழங்கிய பேச்சுதான். வேறு பேச்சு எனக்குத் தெரியாது.

"கேஸை மூடினியா" சேலையில் குத்திக்கொள்ளும் ஒரு புரோச். மோதிரத்தின் உட்புறம், விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, "சாவி எங்க". கம்மல் ஒரு ஜோடி: இந்தக் காதுக்கு ஒரு "ம்", அந்தக் காதுக்கு ஒரு "ம்". கண்காட்சிக் கூடத்தை நடத்தும் அக்கா சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கும் இதே வியாதிதான்" என்றாள்.

படத்தில் இருப்பது கழுத்துச் சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் "உன் இஷ்டம்". வெள்ளித் தகட்டில் எழுதி, துளை போட்டு, மயிரிழை ரம்பத்தை நுழைத்து அறுக்க வேண்டும். 'ஷ' வரும்போதெல்லாம் ரம்பம் ஒடிகிறது. புள்ளிகள் தனியே நிற்காது. கம்பி வைத்துப் பற்றவைக்கிறேன். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அந்தத் தொழிற்சாலைப் புகையில் இருமல் வந்திருக்கும். மருந்து வாங்கு.

வம்பு

பிப்ரவரி 11

அன்பு வம்புக்கு,

என் பேச்சுக்கு வெள்ளி விலை வரும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்துப் பேசியிருப்பேன். கம்மலுக்குச் சிரித்தேன். விடுதியில் பக்கத்துக் கட்டில் ஃபிட்டர், "என்ன சார், தனியா சிரிக்கிறீங்க, வீட்லேர்ந்தா?" என்றார். "ம்" என்றேன்.

சங்கிலிக்குச் சிரிப்பு வரவில்லை. உன்னை எதிலும் தடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். எங்கள் வீட்டில் அம்மாவின் புடவை நிறத்தைக்கூட அப்பாதான் சொல்வார். நான் அப்படி இருக்க மாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவெடுத்தேன். அதைப் போய்க் கழுத்தில் மாட்டிவிட்டாய்.

இருமல் இருக்கிறது. மருந்தும் இருக்கிறது. ஷிப்ட் முடிந்தால் படுக்கத்தான் தெம்பு. மாற்றல் கேட்டால் நம் ஊருக்கே கிடைக்கும் என்கிறார் மேனேஜர். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம்.

ஊமைக்கோட்டான்

பிப்ரவரி 16

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

எனக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டேன். வேலையை விட்டுப் பட்டறை போடட்டுமா என்று கேட்டேன். உன் இஷ்டம். தோழிகளிடம் பீற்றிக்கொண்டேன்.

அப்புறம் என் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். உன் இஷ்டம். நான் சரி என்றேன். அம்மா வீடு திரும்பவில்லை. அந்தச் 'சரி' என்னுடையது மட்டும் ஆகிவிட்டது. நீ அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று, "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே அதையே சொன்னாய். நிமிரக்கூட இல்லை.

நான் பொடி வைத்துப் பேசவில்லை. வெள்ளிக்குப் பற்றாசுப் பொடி வைத்து ஊதி ஒட்டியதோடு சரி. சலித்துவிட்டது. ஒரே ஒரு தடவை, 'செய்' என்றோ 'செய்யாதே' என்றோ நீ சொன்னால் போதும் என்றிருக்கிறது.

மாற்றல் கேட்கப் போகிறாயா?

வம்பு

பிப்ரவரி 22

அன்பு வம்புக்கு,

திரும்பத் திரும்பப் படித்தேன். உன் அம்மா விஷயத்தை நான் இப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நீ தைரியசாலி, பார்த்துக்கொள்வாய் என்று இருந்துவிட்டேன்.

இப்போது சொல்கிறேன். அந்தச் சங்கிலியைக் கண்காட்சியில் வைக்காதே. எனக்குப் பிடிக்கவில்லை. முன்பின் தெரியாதவர்கள் அதைத் தூக்கிப் பார்ப்பதை நினைத்தால் என்னவோ செய்கிறது. வைக்காதே. இவ்வளவு எழுதுவதற்கே கை ஓய்ந்துவிட்டது.

மாற்றல் விண்ணப்பம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். கொடுக்கட்டுமா? நான் வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஊமைக்கோட்டான்

பிப்ரவரி 26

அன்புள்ள ஊமைக்கோட்டானுக்கு,

உன் கடிதத்தைக் கூடத்துக்கு எடுத்துப் போய்த்தான் பிரித்தேன். 'வைக்காதே' என்று படித்ததும் ஆணியிலிருந்து சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னாச்சு, வித்துடுச்சா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா. அவரு வேணாம்னு சொல்லிட்டாரு."

"அதுக்கு ஏன்டி இப்படிப் பல்லைக் காட்டுற?"

ரொம்ப நாளைக்குப் பிறகு தோள் லேசாக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தாளைத் திருப்பி மிச்சத்தைப் படித்தேன்.

மாற்றல் கேட்காதே. இதையும் நானே முடிவு செய்திருக்கிறேன். மருந்தை நிறுத்திவிடாதே.

சங்கிலியைத் துணியால் துடைத்து அதே ஆணியில் மாட்டினேன். கூடத்துச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

வம்பு