கங்கா திரும்பவும் தேடிப் போன டாக்டர்

ரிங்லெட்

என் தங்கம் யுவனேஸ்வரிக்கு அம்மா எழுதுறது. முருகன் புண்ணியத்துல அப்பாவும் தம்பியும் நானும் சொகம்தான், மழைதான் விட மாட்டேங்குது. நீ கடல் தாண்டி சபாவுல நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, தைரியமா இருக்கணும்னு தெனமும் வெளக்கேத்தும்போது கேட்டுக்கறேன். போன் இருக்கும்போது என்ன கடுதாசின்னு சிரிக்காதே. போன்ல நீ அழுவுறே, நீ அழுதா நானும் அழுவுறேன், அப்புறம் சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுறே. கடுதாசிய அப்படி வெக்க முடியாதுலா, முழுசா படிச்சுத்தான் ஆவணும்.

தம்பி கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி கடையிலதான் நிக்கிறான், லீவு நாளு வந்தா ரோட்டு ஜாம்ல மாட்டிக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு வருவான். அப்பாவுக்கு முட்டி வலி, மருந்து போடுங்கன்னா என் மவ டாக்டர், அவ வந்து பாக்கட்டும்னு வீம்பு. நீ வேலைய விடப் போறேன்னு சொன்னத அவருகிட்ட நான் இன்னும் சொல்லல. உங்க ஆஸ்பத்திரிக்கு வந்த அந்தக் கம்போங்கு அம்மா, பாவம் கிராமத்து மனுசி, வயித்து வலி இல்லேன்னு சொன்னாங்க, நீ நம்பி வீட்டுக்கு அனுப்பிட்டே, மறுநாள் குடலு வெடிச்சுத் தூக்கிட்டு வந்தாங்க, கடவுள் கண்ணத் தொறந்தாரு, ஆபரேசன் பண்ணிப் பொழச்சிட்டாங்க. பெரிய டாக்டர் உன்னைத் திட்டுனாரு, திட்டாம கொஞ்சுவாரா. அதுக்கு நீ நான் இந்த வேலைக்கே லாயக்கில்லேங்கிறே. அந்தப் பேச்சுதான் எனக்குச் சோறு எறங்க விடல.

போன ஞாயித்துக்கெழம நம்ம டாக்டர் சீதாவுக்குப் பதினாறாம் நாள் கும்புடு, நானும் போனேன். கோயில் மண்டபம் கொள்ளல. வாரா வாரம் நம்ம தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து பாத்தவங்களாச்சே. காதுல பஞ்சு வெச்சிக்கிட்டுப் போனா காய்ச்சலா, இல்ல மாமியார் பேச்சு கேக்காம இருக்கவான்னு கேப்பாங்க. இனிமே யாரு நம்மள அப்படிக் கேலி பண்ணுவா? பெர்த்தாம்லருந்து கங்கா அத்தையும் வந்திருந்தா, தோட்டத்துப் பூவையெல்லாம் கூடையோட கொண்டாந்து படத்துக்கிட்ட கொட்டுனா. அவ கதைய உனக்கு யாரும் சொன்னதில்ல, இப்ப நான் சொல்றேன்.

அப்பல்லாம் டாக்டர்கிட்ட போறதுன்னா நாங்க கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் போவோம். குளிச்சு, நல்ல சேலை கட்டி, மூஞ்சி பூரா மஞ்சளும் பவுடரும் அப்பிக்கிட்டு, என்ன கேட்டாலும் ஒன்னுமில்ல டாக்டரம்மான்னு தலைய ஆட்டுவோம். மரியாதைன்னு நெனப்பு! கங்கா மாசமா இருந்தப்போ அப்படித்தான் போயி உக்காந்தா. தலை வலிக்குதான்னாங்க, இல்லேன்னா. கால் வீங்குதான்னாங்க, சேலைய இழுத்து மூடிக்கிட்டு இல்லேன்னா. அன்னிக்குக் கூட்டம் வேற, டாக்டரும் பிரஷர் பாக்காம அவ வாய நம்பி அனுப்பிட்டாங்க. அந்த வாரமே வலிப்பு வந்து கங்காவத் தூக்கிட்டு ஓடுனோம். அவ பொழச்சா, புள்ள தங்கல.

டாக்டர் ஓடி ஒளியல யுவனா. லைன் வீட்டுக்கு வந்து கங்கா பக்கத்துல தரையில உக்காந்து, நான்தான் சரியா பாக்காம விட்டுட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. கங்கா புருசன் கத்துன கத்தலையெல்லாம் தலை குனிஞ்சு கேட்டுக்கிட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க கிளினிக் அறையில எங்களுக்காகக் காத்திருக்கல, கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கே வந்து நின்னாங்க. சேறும் வேர்வையுமா, கூடைய எறக்கி வெச்சிட்டு மூச்சு வாங்குறப்போதான் உங்க சீக்கு எனக்குத் தெரியுதுன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. வேலை வாங்குற மண்டோருக்குக் கோவம், நிறுவைக்கு லேட்டாவுதுன்னு. அவங்க கண்டுக்கவே இல்ல.

அந்தக் கொட்டகையிலதான் ஒரு நாளு நான் பூட்ஸக் கழட்டப் பாத்தேன், காலு வெளிய வரல, அம்புட்டு வீக்கம். குளிருக்கு வீங்கியிருக்குன்னு சிரிச்சேன். டாக்டர் சிரிக்கல, அங்கேயே பிரஷர் பாத்தாங்க, பூட்ஸ கத்திரியால வெட்டிப் போட்டுட்டு அவங்க ஓட்டிட்டு வந்த காடியிலேயே ஏத்தி மலைக்குக் கீழ தாப்பா ஆஸ்பத்திரிக்கு எறக்குனாங்க. அங்கதான் நீ பொறந்தே.

கங்காவும் அடுத்த புள்ளைக்கு அவங்ககிட்டதான் போனா. பைத்தியமாடி உனக்கு, வேற டாக்டரே கெடைக்கலயான்னு ஊரே திட்டுச்சு, நானும் திட்டுனேன். தப்பு பண்ணா என் வீடு தேடி வந்து சொல்ற டாக்டர விட்டுட்டு நான் எங்க போவேன்னு கேட்டா. ஞாயித்துக்கெழம மண்டபத்துலயும் அதையேதான் எல்லாருக்கும் சொன்னா, பக்கத்துல அவ மவன் ஆறடிக்கு நின்னான்.

வேலைய விடாதேன்னு நான் சொல்லல கண்ணு. விட்டுட்டு வந்தா உன் ரூம் இருக்கு, அம்மா ஒரு வார்த்த கேக்க மாட்டேன், அப்பாவ நான் பாத்துக்கறேன். ஆனா லாயக்கில்லேன்னு பேரு வெச்சிக்கிட்டு மட்டும் வராதே. மொதல்ல அந்தக் கம்போங்கு அம்மா பக்கத்துல போயி உக்காரு, உன் தப்ப உன் வாயால சொல்லு. கங்கா புள்ளைக்கு அப்புறம் டாக்டர் சீதா பெட்டிய கட்டியிருந்தா இந்தக் கடுதாசிய எழுத நானும் இல்ல, படிக்க நீயும் இல்ல.

நீ தொட்ட சீவனெல்லாம் பொழைக்கணும், மாரியாத்தா உன் கூடவே இருப்பா. தேத்தூளும் ஊறுகாயும் தனியா அனுப்பியிருக்கேன், கூட வேலை பாக்குற புள்ளைங்களுக்கும் குடு. அந்த அம்மாவப் பாத்துட்டு வந்ததும் எனக்கு போன் போடு, ராத்திரியானாலும் பரவால்ல.

உன் நெனப்பாவே இருக்கிற
அம்மா ரஞ்சிதம்