‘மடை’ உலாவியைத் திருட்டுச் செயலி என்று சுவரில் ஒட்டியது குறித்து

அனுப்புநர்
கோ. சுடர்விழி (வயது 29),
த/பெ. கோவிந்தராசு,
தெற்குத் தெரு, வாழைக்கொல்லைமேடு,
நன்னிலம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: நான் உருவாக்கிய ‘மடை’ கைபேசி உலாவியைத் திருட்டுச் செயலி என்று அறிவித்து, பதினேழு விவசாயிகளின் நெல் கொள்முதல் டோக்கன்களை ரத்து செய்தது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கணினி அறிவியல் படித்தவள். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு ஊரிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். பிறர் வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த என் பெற்றோர் இப்போது குத்தகைக்குச் சாகுபடி செய்கிறார்கள்.

2. எங்கள் ஊரில் பலரிடம் இருப்பவை ஏழெட்டு ஆண்டுப் பழைய கைபேசிகள். கொள்முதல் டோக்கன் பதியும் இணையதளத்தை அவற்றில் திறந்தால் வெள்ளைத் திரைதான் வரும். அதனால், திறந்த மூலநிரலாகக் கிடைத்த ஓர் உலாவியை எடுத்து, அதன் சுமையைக் குறைத்து, பழைய கைபேசியிலும் அந்தப் பக்கம் திறக்கும்படி இரண்டு ஆண்டுகள் உழைத்து மாற்றி எழுதினேன். தமிழ் எழுத்து உடையாமல் தெரியும் பகுதியைத் திருக்காட்டுப்பள்ளி நண்பர் ஜெனித் எழுதினார். அதன் மூலநிரல் முழுவதும் பொதுவில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பிழை சொல்லலாம், திருத்தலாம். திருடுகிறவர்கள் இப்படிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடுவதில்லை.

3. எங்கள் தெருவைச் சேர்ந்த நாகம்மாள் கணவரை இழந்தவர். இரண்டு ஏக்கர் குத்தகை சாகுபடி. கடந்த 20.01.2025 அன்று தம் கைபேசியில், ‘மடை’ வழியாக, கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றான அடங்கலைப் படம் எடுத்து ஏற்றி, யார் உதவியும் இல்லாமல் டோக்கன் பதிந்தார். “நானே போட்டேன் சுடரு, பாரு” என்று கைபேசியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரைப் போல் மொத்தம் பதினேழு பேர் பதிந்தார்கள்.

4. அவர் நெல்லை எடை போட வேண்டிய 24.01.2025 அன்று, எங்கள் ஊர்க் கொள்முதல் நிலையத்தின் பட்டியல் எழுத்தர், கணினியில் டோக்கனுக்கு நேரே ‘மடை’ என்ற பெயரைப் பார்த்து, “இது என்ன புது ஆப்பு? யாரு குடுத்தது?” என்று கேட்டிருக்கிறார். நாகம்மாள் என் பெயரைச் சொன்னதும், “அந்தத் தெருப் பொண்ணு பிரௌசர் எழுதுதா? எங்கேருந்தாவது திருடியிருக்கும்” என்று சொல்லி, பதினேழு டோக்கன்களையும் அங்கேயே ரத்து செய்தார். நான் திருடியதாக அவர் முடிவு செய்ய என் தெருவின் பெயர் போதுமானதாக இருந்தது. இதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

5. அன்று மாலையே நிலையத்தின் சுவரில், ‘மடை என்ற ஹேக்கிங் செயலியைப் பயன்படுத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற அறிவிப்பை என் புகைப்படத்துடன் அந்தப் பட்டியல் எழுத்தர் ஒட்டினார். மறுநாள் கேட்கப் போன என் மீதே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். என் மடிக்கணினி நான்கு நாட்கள் அங்கே இருந்தது. “ஐயா, அந்தப் புள்ளைய விட்ருங்க” என்று என் அப்பா காவல் நிலைய வாசலில் கைகட்டி நின்றதை நான் பார்த்தேன். எனக்காக அவர் அப்படி நிற்கும்படி நான் என்ன குற்றம் செய்தேன்?

6. 27, 28 தேதிகளில் மழை. களத்தில் குவித்திருந்த நெல்லைத் தார்ப்பாய் காக்கவில்லை. நாகம்மாளின் நெல் முளைவிட்டது. இணையதளத்தைப் பராமரிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் வந்து சோதித்து, ‘மடை’யில் தவறேதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தபின், 03.02.2025 அன்று டோக்கன்கள் திரும்பக் கிடைத்தன. முளைத்த நெல்லைக் கொள்முதல் நிலையம் எடுக்கவில்லை. அவர் அதைத் தனியார் வியாபாரியிடம், கிடைத்த விலைக்குத் தள்ளினார். பிறகு என்னிடம் வந்து, “ஒன் மேல தப்பு இல்லம்மா. ஆனா எனக்கு பயமா இருக்கு, அதை எடுத்துடு” என்று கைபேசியை நீட்டினார். என் கையாலேயே ‘மடை’யை அதிலிருந்து நீக்கிக் கொடுத்தேன்.

7. தவறில்லை என்று எழுதிய பின்னும் இணையதளம் ‘மடை’யை உள்ளே விடுவதில்லை. ஒவ்வோர் உலாவியும் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது தன் பெயரைச் சொல்லும். இந்தப் புகாருக்குப் பின் இணையதளத்தில் புதிதாகச் சேர்த்த, அனுமதித்த பெயர்ப் பட்டியலில் ‘மடை’ இல்லை. சேர்க்கக் கேட்டதற்கு அந்தப் பொறியாளர், “பேரை மட்டும் மாத்திக்குங்க மேடம். பெரிய கம்பெனி பேரு ஒண்ணு போட்டா உள்ள போயிடும்” என்றார். ஒரு வரி மாற்றினால் போதும், எனக்கும் தெரியும். ஆனால் உண்மைப் பெயரைச் சொன்னால் வெளியே, பொய்ப் பெயரைச் சொன்னால் உள்ளே என்றால் அது என்ன பாதுகாப்பு ஐயா? அந்த வரியை நான் எழுத மாட்டேன்.

8. ஆகவே, எவர் முன்னிலையில் ஒட்டினாரோ அவர்கள் முன்னிலையில் பட்டியல் எழுத்தரே அந்த அறிவிப்பைக் கிழிக்கவும், அவர் பேசிய பேச்சுக்கு விசாரணை நடத்தவும், நெல் கெட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கவும், ‘மடை’யை அதன் சொந்தப் பெயரிலேயே இணையதளம் ஏற்கவும் ஆணையிட வேண்டுகிறேன். ‘மனு பரிசீலிக்கப்பட்டது’ என்ற வரி எனக்கு வேண்டாம். என்ன செய்யப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். அறிவிப்பு இன்று காலையும் சுவரில் இருந்தது. நாகம்மாள் அதைக் கடந்துதான் ரேஷன் கடைக்குப் போகிறார்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கோ. சுடர்விழி

இடம்: வாழைக்கொல்லைமேடு
நாள்: 17.02.2025

இணைப்பு: அறிவிப்பின் புகைப்படம், பொறியாளரின் சான்று, ‘மடை’யின் மூலநிரல் உள்ள இணைய முகவரி, பதினாறு விவசாயிகளின் கையொப்பம். நாகம்மாள் கையொப்பமிட அஞ்சியதால், அவருடையது இல்லை.