சுவரில் ஓடிய சிவப்பு

மார்ச் 4, திங்கள்
அண்ணி நடத்தும் குழந்தைகள் காப்பகத்தின் வெளிச்சுவரில் குண்டூசித் தலையளவுகூட இல்லாத சிவப்புப் பூச்சிகள். ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை. "ரத்தம் குடிக்கிற உண்ணி இது!" என்று அந்தப் பிள்ளையின் அம்மா நகராட்சியில் புகார் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை சுகாதார ஆய்வாளர் வருகிறார். கடிக்கிற ஜாதி என்றால் காப்பகத்துக்குப் பூட்டுதான். "பத்து வருஷப் பொழப்புல மண்ணு விழுந்துடுச்சுடி" என்று அண்ணி அழுதார்.

டேப்பில் நாலைந்தை ஒட்டி எடுத்து வந்திருக்கிறேன். செடிநோய் ஆய்வகத்தில் பன்னிரண்டு வருஷமாக நுண்ணோக்கியோடு குப்பை கொட்டுகிறேன். இதுகூடவா தெரியாது?

மார்ச் 5
பார்த்தவுடனே முடிவு கட்டினேன் — செஞ்சிலந்திப்பேன், இலைச்சாறு குடிப்பது. அண்ணிக்குப் போன் போட்டு "கவலையே படாதீங்க" என்றும் சொல்லியாயிற்று. பிறகுதான் ஆய்வகத் தலைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, முன்னங்கால் ரெண்டும் எங்க?"

டேப்பில் பிய்ந்து போயிருக்கிறது! "காலே இல்லாம எதை வெச்சு சொன்ன? பறவைக்கூட்டு உண்ணியா இருந்தா கடிச்சு வெக்குமே?" நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மார்ச் 6
அவசரப்பட்டு உளறிவிட்டேன் என்று அண்ணியிடம் இன்னும் சொல்லவில்லை. கோழை நான்.

மார்ச் 7
ஈரத் தூரிகையால் உயிரோடு ஆறு பிடித்தேன். முன்னங்கால்கள் இருக்கின்றன! உடம்பு நீளத்துக்கு, மற்ற கால்களைப்போல் இரண்டு மடங்கு. இவ்வளவு நீள முன்னங்கால் புல்சாறு குடிக்கும் உண்ணிக்குத்தான்! ஆளைக் கடிக்காது. நசுங்கினால் அதன் உடம்புச் சாயம்தான் ஒட்டும். அழகுக்காகச் சுவரை ஒட்டிப் புல் வளர்த்ததும் அண்ணியேதான். ஆய்வகத் தலைவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடிச்சேன் பாரு!

மார்ச் 8
ஆய்வாளருக்கும் புகார் கொடுத்த அம்மாவுக்கும் முன்னால் என் கையில் இருபது பூச்சிகளை அரை மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு தடிப்பு இல்லை. ஒன்றை வெள்ளைத்தாளில் நசுக்கினேன் — அதே சட்டைக் கறை. ரத்தம் காட்டும் சோதனைத் தாளை அதில் வைத்தேன், நிறம் மாறவில்லை. என் விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு விட்டேன், உடனே பச்சை!

"சுவர்லேர்ந்து ரெண்டடிக்குப் புல்லை எடுத்துட்டு ஜல்லி போடுங்க, போதும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் ஆய்வாளர்.

அண்ணியிடம் செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தைச் சொல்லிவிட்டேன். "அடிப்பாவி!" என்று தலையில் ஒரு குட்டு. அப்புறம் கட்டிப்பிடித்து அழுதார். நானும்தான்.

ஏப்ரல் 2
அண்ணி போன் செய்தார். புகார் கொடுத்த அம்மா தன் இரண்டாவது பிள்ளையையும் இன்று காப்பகத்தில் சேர்த்திருக்கிறாராம். "இடமே இல்லைன்னு கொஞ்சம் பிகு பண்ணிட்டுத்தான்டி சேத்துக்கிட்டேன்."