பன்றியை யாரும் கேட்கவில்லை

அன்புள்ள செண்பகத்துக்கு,

நெய்வேலியில் நான் நலம். டயாலிசிஸ் முடிந்த நாளில் மட்டும் கிழிந்த சாக்குபோலக் கிடப்பேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே?

நாங்கள் தங்கியிருக்கும் அறையில் பக்கத்துக் கட்டில் சவரிராஜ் அண்ணன் பேப்பர் படித்துவிட்டு, "அமெரிக்காவுல பன்னி கிட்னிய மனுசனுக்கு வக்கிறாங்களாம். ஒனக்கும் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

"காண்ட்ராக்ட் கூலிக்காரன் ஒடம்புக்குள்ள வர அந்தப் பன்னி சம்மதிக்குமாண்ணே?"

"பன்னிய எவன்யா கேக்கறான்? அதுக்குன்னே வளத்துக்கினு இருக்காங்க."

அறையே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு நின்றுவிட்டது.

"பையன் சம்பாதிக்கான், ஹரிணி வீட்லதான இருக்கா, அவ கிட்னி குடுக்கட்டும்" என்று உன் அண்ணன் முடிவு செய்தாரே, அவளையும் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அப்பனிடம் மாட்டேனென்று சொல்ல அவளால் முடியுமா?

கிட்னி பொருந்துமா என்று பார்க்கிற டெஸ்டுக்கு அவளைக் கூட்டிவராதே. நீ மட்டும் வா. நம் நீலப் போர்வையை எடுத்துவா, டயாலிசிஸ் வார்டு ஏசி குளிர் தாங்கவில்லை. ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது.

உன் வேலுமணி