பால் திரியாத வீடு

மணல்மேட்டுக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பும் பிடிவாதமும் சம அளவில் உள்ள என் கணவர் சுஹேல் அகமது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். நீங்களும் மாமாவும் நாத்தனார் சைராவும் நம் மகள், என் கண்மணி அலீனாவும் நலமாக இருக்க எப்போதும் துஆ செய்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். பின்னால் சைரா சிரிக்கும் சத்தமும் கேட்கிறது. காகிதத்தை யாரும் குறுக்கே பேசி நிறுத்த முடியாது. வீட்டில் நாம் உருது பேசினாலும் கோபமோ சந்தோஷமோ ஜாஸ்தியானால் எனக்குத் தமிழ்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு இரண்டும் ஜாஸ்தியாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தோடு என் தம்பி தவ்ஃபீக் ஒரு தண்ணீர் கேனும் கொண்டு வந்திருப்பான். அதை அப்படியே ஓரமாக வையுங்கள். படித்து முடிக்கும்வரை திறக்கக் கூடாது. உங்கள் பொறுமை எனக்குத் தெரியும், அதனால்தான் மூடியை டேப் போட்டுச் சுற்றியிருக்கிறேன்.

முதலில் ஒரு ஞாபகம். ரம்ஜான் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, மேல்விஷாரத்தில் நம் வீட்டுக் கூடத்தில், பிரியாணித் தட்டு முன்னால் வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் எனக்கு லேப் வேலை வந்திருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். மாமா, அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுள் தரட்டும், சந்தோஷமாகப் போய் வாம்மா என்றார். நீங்கள்தான் சிரித்தீர்கள். "நம்ம ஊர்லயே போரு போட்டா உப்பு. நீ கடலுக்குப் பக்கத்துல போய் வூடு பாக்கப் போறியா? அங்க உப்பில்லாத தண்ணி வர்ற வூடு ஒன்னக் காட்டு, அடுத்த வெள்ளிக்கிழமையே பொட்டி கட்டிட்டு வர்றேன்" என்றீர்கள். சைரா தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அப்படி ஒரு வீடு கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன் என்று நானும் வாயைக் கொடுத்துவிட்டேன். மாமா சாட்சி.

உங்களை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நான் படாத பாடு இல்லை. குழாய்த் தண்ணீரில் டீ போட்டால் பால் திரியும். பருப்பு வேகாது. குளிக்கும்போது சோப்பு நுரைக்காமல் பிசுபிசுவென்று ஒட்டும். அலீனாவின் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்தான் நமக்குச் சோறு போடுகிறது, அதை நான் மறக்கவில்லை. அந்த ஷாப்களின் கழிவுத் தண்ணீரைச் சோதிக்கிற லேபில்தானே நானும் இத்தனை வருஷம் இருந்தேன். ஆனாலும் வாழ்நாள் முழுக்கக் கேன் தூக்கிய மனுஷன், இன்னொரு ஊருக்குப் போயும் கேன் தூக்க மாட்டேன் என்று சொன்னால் அதில் தப்பு என்ன?

அதனால்தான் நானும் ஒரு பிடிவாதம் வைத்துக்கொண்டேன். வீடு பார்க்கப் போகும்போதெல்லாம் பையில் ஒரு பால் பாக்கெட், ஒரு சின்னப் பாத்திரம், ஹாஸ்டலில் வைத்திருக்கும் குட்டிக் கரண்ட் அடுப்பு. பாதி பால், பாதி அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீர். கொதிக்க வைத்துப் பார்ப்பேன். திரிந்தால் சலாம் சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். லேபில் மீட்டர் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். மீட்டர் காட்டும் நம்பரைச் சொன்னால், "அதெல்லாம் சரி, டீ எப்படி இருக்கும்?" என்றுதான் நீங்கள் கேட்பீர்கள்.

கோவளத்தில்தான் முதலில் பார்த்தேன். நம்ம ஆட்கள் நிறைய, பள்ளிவாசல் பக்கத்திலேயே வீடு. வீட்டுக்கார அம்மா அவ்வளவு நல்ல மனுஷி, என்னைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டேன் என்றார். ஆனால் அடுப்பில் வைத்த பால் கொதிக்கும் முன்பே கட்டிகட்டியாகப் பிரிந்துவிட்டது. அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நாங்க பொறந்ததுலர்ந்து இப்படித்தான் குடிக்கிறோம், பேஜார்தான்" என்று வருத்தமாகச் சிரித்தார். எனக்கு நம் வீட்டுச் சமையலறையில் நிற்பது போலவே இருந்தது. அக்கம்பக்கத்தில் பார்த்த மற்ற வீடுகளிலும் பாலுக்கு இதே கதிதான்.

பிறகு ஒரு புரோக்கர், பெரிய அடுக்குமாடிக்கு அழைத்துப் போனார். பால்கனியில் நின்றால் கடல் மடியில் உட்கார்ந்திருப்பது போலத் தெரிகிறது. குழாயைத் திறந்தேன், காற்று வந்தது. லாரி வந்தால்தான் தண்ணீராம். பால் பாக்கெட்டை வெளியே எடுக்கவேயில்லை.

இன்னொரு வீட்டில் பாலுக்கே வேலை வரவில்லை. வாசலில் நின்ற என் புர்காவைப் பார்த்தார்கள், பெயரைக் கேட்டார்கள், உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுப்பதாக இருக்கிறோம் என்றார்கள். காலையில் போனில் பேசும்போது இல்லாத தங்கச்சி மத்தியானத்துக்குள் எங்கிருந்து வந்தாள்? அடுத்த தெருவிலும் ஒரு தங்கச்சி வந்தாள். இதை உங்களிடம் அப்போதே சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்று தெரியும். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றைக்கு ஹாஸ்டலுக்கு வந்து முகத்தைத் துடைக்கக்கூடக் கேன் தண்ணீரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். பட்டணத்துக்கெல்லாம் குடிதண்ணீர் செய்கிற ஆலையில் வேலை, எனக்குக் கேன் தண்ணீர். தோற்றுவிட்டேன், பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அலீனா போனில், "அம்மி, எனக்கு ஸ்கூல் பேக் அங்க வாங்குவியா, இங்க வாங்குவாங்களா?" என்று கேட்டாளே, அது அன்றைக்குத்தான்.

இப்போது நல்ல கதைக்கு வருகிறேன். நிமிர்ந்து உட்காருங்கள்.

ஆலையில் என்னோடு வேலை செய்யும் பாண்டியன் என்பவர்தான் இந்த மணல்மேட்டுக்குப்பத்தைச் சொன்னார். ஆலைக்கு நடந்தே போகலாம். சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஒரு மணல்மேடு, அதன் மேல் நான்கைந்து ஓட்டு வீடுகள். மேட்டிலிருந்து இறங்கினால் கடல். வீட்டுக்காரம்மா பெயர் நாகபூஷணம். கணவர் போட்டில் மீன் பிடித்தவர், இப்போது இல்லை. அந்த அம்மா பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் போனபோது வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தார். என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தார். கையைக் கழுவாமலே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, "வூட்டுக்கு வேற பார்ட்டி பேசிக்கினுகிறாங்க. இருந்தாலும் வந்துட்ட, போய்ப் பாத்துட்டு வா" என்றார். பட்டணத்துக்காரர்களாம், சனி ஞாயிறு வந்து தங்குவதற்குக் கேட்டார்களாம். வாக்குக் கொடுத்தாயிற்று என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது.

எனக்கு நம்பிக்கையே இல்லை. கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் என்ன தண்ணீர் வந்துவிடப் போகிறது? கொண்டு வந்த பாலை வீணாக்க வேண்டாமே என்றுதான் அடுப்பை வைத்தேன். பின்கட்டில் ஒரு உறைக்கிணறு, அதிலிருந்து ஒரு சின்ன மோட்டார். குழாயைத் திறந்து பாலில் பாதி தண்ணீர் ஊற்றினேன். சூடேறியது. ஓரத்தில் நுரை கட்டியது. திரியும், இதோ திரியும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பால் திரியவில்லைங்க! வெள்ளை வெளேரென்று பாத்திரம் நிறைய எழும்பி வந்தது. எத்தனையோ வருஷமாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றிய பால் இப்படி எழும்பி நான் பார்த்ததில்லை. அடுப்பை அணைக்க வேண்டும் என்பதே மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். பால் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது.

சரியாக அந்த நேரத்தில் நாகபூஷணம் அம்மா உள்ளே வந்தார். பின்னாலேயே அக்கம்பக்கத்துப் பெண்கள். அவ்வளவுதான், போட்டாரே ஒரு சத்தம்! "இன்னாம்மா இது அநியாயமாக்கீது! வாடக பேசல, அட்வான்ஸ் பேசல, நீ பாட்டுக்கு உள்ள பூந்து பால் காய்ச்சிக்கினுகிற!" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. புது வீட்டுக்குக் குடி வருகிறவர்கள் முதலில் பால் காய்ச்சுவார்கள் இல்லையா? நம் தெருவில் குடிவந்த பாக்யலட்சுமி டீச்சர் காய்ச்சி நமக்கும் ஒரு டம்ளர் கொண்டு வந்தாரே! எத்தனை வீட்டில் பால் காய்ச்சினேன், ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. திரிந்த பாலைப் பார்த்து, இவள் குடிவந்துவிட்டாள் என்று யார் நினைக்கப் போகிறார்கள்!

அம்மா, இது தண்ணீரைச் சோதிக்கக் காய்ச்சியது, வேறு ஒன்றுமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிடாத குறையாகச் சொன்னேன். துணியை எடுத்துத் தரையைத் துடைக்கக் குனிந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். வழிந்த பாலைப் பார்த்தார், அது எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்று பார்த்தார், பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம அதுவுமா கெழக்கால பொங்கிகீதுடி" என்றார். பெண்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அப்புறம் என்னிடம் திரும்பி, "சோதனையோ கீதனையோ, பொங்கின பாலு பொங்கினதுதான். இனிமே இந்த வூட்ட இன்னொருத்தருக்குக் குடுத்தா எனக்கு நல்லதா?" என்றார்.

அந்த நேரத்தில் சந்தோஷப்படாமல் எனக்குப் பயம்தான் வந்தது. பிறகு ஒரு தங்கச்சி வந்துவிடக் கூடாதே! அதனால் நானே முந்திக்கொண்டு, "அம்மா, நாங்க முஸ்லிம். அப்புறமா யோசிச்சு வேணாம்னு சொல்றதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். அவர் என்னை முறைத்தார். "எனக்கென்ன கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? புர்காவப் பாத்துதான சாவி குடுத்தேன்? பால்ல சக்கர போட்டியா இல்லியா, அதச் சொல்லு மொதல்ல!" என்றார்.

போடவில்லை என்றேன். ஒரு பெண் ஓடிப்போய்ச் சர்க்கரை கொண்டு வந்தாள். மிஞ்சிய பாலை வாய்க்கு ஒரு மடக்காக எல்லாரும் குடித்தோம். நான் அழுதுகொண்டே குடித்தேன், வெட்கமே இல்லாமல். நாகபூஷணம் அம்மா அங்கேயே நின்று பட்டணத்துக்காரர்களுக்குப் போன் போட்டார். வீட்டில் பால் காய்ச்சியாயிற்று, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர்களுக்கு நீச்சல் குளம் கட்ட ஆழமாக போர் போட வேண்டுமாம். "ஆழமா நோண்டினா அடில இருக்கற உப்பு மேல ஏறிடும், அப்புறம் நாங்க இன்னாத்தக் குடிக்கறது? எப்படிடா வேணாம்னு சொல்றதுன்னு நானும் முழிச்சிக்கினுதான் இருந்தேன்" என்று பிற்பாடு என்னிடம் சிரித்தார். உண்மைதான். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. ஆசைப்பட்டு ஆழம் போகாதவரைக்கும் இனிப்பாக இருக்கும். லேபிலும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டேன், அருமையான தண்ணீர்.

ஆகவே, கணவர் அவர்களே, நான் ஜெயித்துவிட்டேன். சைராவுக்கு இந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள்.

மற்ற விவரம். அலீனாவுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது, இடம் கேட்டு வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பல்லாவரம் ஒரு பஸ் மாறினால் வந்துவிடும். அங்கே தோல் ஃபினிஷிங் தெரிந்த சூப்பர்வைசர் வேண்டும் என்று ஒரு கம்பெனியில் சொன்னார்கள், உங்களைப் பற்றிச் சொன்னேன், வந்து பார்க்கச் சொன்னார்கள். உங்களைக் கேட்காமல் எப்படிச் சொன்னாய் என்று கோபிக்காதீர்கள். மாமாவுக்குக் கடல் காற்று ஆகாது என்றால் சைராவோடு அங்கேயே இருக்கட்டும், ஆனால் மாதம் ஒரு தடவையாவது இங்கே வந்து என் கையால் டீ குடிக்க வேண்டும்.

இனி கேனைத் திறக்கலாம். அது நம் புது வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். கடலோரத்திலிருந்து மேல்விஷாரத்துக்குக் குடிதண்ணீர் அனுப்பிய பெண்டாட்டி உலகத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். கண்டக்டர் இன்னா நினைப்பாரு என்று தவ்ஃபீக் மூக்கால் அழுதான், ஒரு அதட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறேன். நீங்களே உங்கள் கையால் டீ போடுங்கள். முதல் கிளாஸ் சாட்சி சொல்ல வேண்டிய மாமாவுக்கு. அடுத்தது சிரித்த சைராவுக்கு. மிச்சத் தண்ணீரில் அலீனாவுக்குத் தலைக்கு ஊற்றிவிடுங்கள், அவள் முடியை நான் தொட்டு ரொம்ப நாள் ஆகிறது.

வீட்டுக்காரர் எப்போ வர்றாரு என்று நாகபூஷணம் அம்மா இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். முதல் பால் நீங்கள் இல்லாமல் பொங்கிவிட்டது. அது ஒன்றுதான் எனக்குக் குறை. இன்னொரு பாக்கெட் வாங்கி வைத்திருப்பேன், அலீனாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நீங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் நில்லுங்கள், இந்தத் தடவை சரியான நேரத்தில் அணைக்கிறேன்.

காலிக் கேனைத் தவ்ஃபீக்கிடம் கொடுத்து அனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டு வாருங்கள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்க்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் லுப்னா