தோட்டத்துக்குள் ஓட்ட வாங்கிய டயர்

அக்கா,

வண்டி நிற்கிற கொட்டகையில் சில நாளாகப் புது டயர் வாசம் அடிக்கிறது. பல்லடத்துக்கு இந்தப் பக்கம், திரும்பின இடமெல்லாம் கோழிப்பண்ணை இருக்கிற ஊரில், கோழி எச்சத்தைத் தாண்டி இன்னொரு வாசம் மூக்குக்கு எட்டுவதே பெரிய சங்கதி. நீங்கள் இருந்திருந்தால் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கே போய் நின்று ஆழமாக மூச்சு இழுத்துவிட்டு வந்திருப்பீர்கள். பெட்ரோல் பங்க் வந்தால் கார் கண்ணாடியை இறக்கிவிடுகிற ஆள் நீங்கள். வெளியே இருக்கிற எதுவானாலும் உங்களுக்குப் பிடிக்கும்.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த புதிதில், மூத்தவரான நீங்கள்தான் இங்கே காலம் எப்படி ஓடும் என்று சொன்னீர்கள். கம்பெனி லாரி குஞ்சு இறக்கும். ஒன்றரை மாதம்போல வளர்த்து ஏற்றிவிட வேண்டும். அது ஒரு பேட்ச். "பேட்ச் ஓடறப்ப ஊட்ட உட்டு நகர முடியாது கண்ணு. பேட்ச் போயிருச்சுன்னா கொட்டாயக் கழுவோணும்" என்றீர்கள். அப்புறம் எப்போதுதான் வெளியே போவது என்று கேட்டேன். "அதுக்கு நடுவுலதான்" என்று சிரித்தீர்கள். அந்த நடுவை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மருமகள் அம்மா வீட்டுக்குப் போவதானால் அங்கிருந்து யாராவது கூப்பிட வர வேண்டும், இல்லை இங்கிருந்து யாராவது கொண்டுபோய் விட வேண்டும். சிங்காநல்லூரில் எனக்குத் தம்பி இருக்கிறான், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். உங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை, அப்பாவும் போய்விட்டார். பவானியில் உங்கள் அம்மா ஒருத்திதான். யார் வந்து கூப்பிடுவது? உங்கள் வீட்டுக்காரருக்கோ பேட்ச். மாமனாரைக் கேட்டால், "ஆராச்சும் வந்து கூப்புட்டா நல்லாப் போயிட்டு வா அம்மணி, ஆரு வேண்டாங்கறா" என்பார். போகாதே என்று ஒருத்தரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் பிக்கப் வேன் வாங்கியதும் அவருடைய பழைய பைக் சும்மா நின்றது. அதன் மேல் உங்களுக்கு எப்போது கண் விழுந்தது என்று தெரியாது. ஒருநாள் மாமாவுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே, "கடைசிக் கொட்டாய்க்கு மருந்து கொண்டுபோக அந்த வண்டி இருந்தா ஒத்தாசையா இருக்குமுங் மாமா" என்றீர்கள். பண்ணைக்கு ஒத்தாசை என்றால் அவர் எதற்கும் தலையாட்டுவார். மத்தியானம் அவர் கண்ணசரும் நேரத்தில், நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் வேலி அடைத்த நம் இட்டேரியில் ஓட்டிப் பழகினோம். வண்டி நின்று நின்று போகும். "ஏனுங்க, கொஞ்சம் நவுருங்க" என்று அதற்கும் மரியாதை கொடுத்துப் பேசினீர்கள். சிரித்துச் சிரித்து நான் கிளட்சை விட்டுவிட்டேன். இரண்டு பேரும் லைசென்ஸ்கூட எடுத்தோம். மாமாவுக்கு அதில் ஏகப் பெருமை. வாங்கிப் பார்த்துவிட்டு, பீரோவில் நகையோடு பத்திரமாக வைத்துப் பூட்டிவிட்டார்.

பைக்கின் டயர் இரண்டும் வெயிலில் நின்றே வெடித்துப் போயிருந்தன. "புதுசு போட்டுக்குங்க, ரொம்ப வெலை ஏத்திக்காதீங்க" என்று மாமா அனுமதி கொடுத்தார். என் வீட்டுக்காரர் நம்மைப் பல்லடத்தில் ஒரு டயர் கடையில் இறக்கிவிட்டுத் தீவனக் கடைக்குப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் நாம் முடிவு செய்தாக வேண்டும்.

கடைக்காரர் நல்ல மனுஷன். இரண்டு பொம்பளைகள் டயர் பார்க்க வந்திருக்கிறார்களே என்று நக்கல் பண்ணவில்லை. "கெட்டி ரப்பரு ரொம்ப நாளைக்கு வருமுங்க, ஆனா மழையில வழுக்கும். மெத்து ரப்பரு சீக்கிரம் தேயும், ஆனா ரோட்டைப் புடிச்சு நிக்கும். புதுசா ஓட்டறவங்களுக்குப் புடிமானந்தானுங்க முக்கியம்" என்றார். விலை குறைவு என்று பழைய சரக்கைத் தலையில் கட்டிவிடுவார்கள், பக்கவாட்டில் தயாரித்த வருஷம் அச்சடித்திருக்கும், பார்த்து வாங்குங்கள் என்று காட்டியும் கொடுத்தார். நீங்கள் ஒவ்வொரு டயரிலும் சுரைக்காய் வாங்குவது போல நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தீர்கள்.

அப்புறம்தான் அந்த பட்டன் டயர் கண்ணில் பட்டது. கட்டை கட்டையாக எழும்பி நிற்கும் ரப்பர், நம் டிராக்டர் சக்கரத்தின் குட்டி. நம் இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிட்டது. டயர் என்றால் சேற்றில் ஏறி வர வேண்டும், தோட்டத்துக்காரர்களுக்கு அதுதானே தெரியும்? "அது மண்ணுக்குத்தானுங்க ஆகும். தார் ரோட்டுல, அதுவும் ஈரத்துல, புடிக்காது" என்றார் கடைக்காரர். நீங்கள் யோசிக்கவே இல்லை. "தார் ரோட்டுக்கு நாங்க எங்கீங்க போறோம்?" என்றீர்கள். நானும் ஆமாம் போட்டேன். விலையும் தோதாக இருந்தது. வாங்கிப்போட்டோம்.

மழைக்காலம் முழுக்க இட்டேரிச் சேற்றில் அந்த வண்டி எருமை மாதிரி வழுக்காமல் போனது. நீங்கள் பின்னால் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு கொட்டாய்க்கும் வீட்டுக்கும் ராணி மாதிரி போய்வந்தீர்கள். பண்ணை ஆட்கள் வழிவிட்டு நின்றார்கள்.

உங்கள் அம்மா குளியலறையில் விழுந்துவிட்டார் என்று போன் வந்தது ஒரு பேட்ச் நடுவில். அடி பெரிதில்லை, ஆனால் தனியாக இருக்கிறார். உங்கள் வீட்டுக்காரர், "கோழி ஏத்துனதும் போலாம்" என்றார். நீங்கள் சமையலை முடித்து, சேலையை மாற்றிக்கொண்டு, "வா கண்ணு, போலாம்" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இட்டேரி முடிந்து தார் ரோட்டில் ஏறியபோது தூறல் போட்டிருந்தது. டயர் கடகடவென்று சத்தம் போட்டது. முதல் வளைவில், எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்க நீங்கள் பிரேக் பிடித்ததும், பின் சக்கரம் தன்பாட்டுக்கு ஒரு பக்கமாகப் போய்விட்டது.

முழங்கை சிராய்ப்பு, உங்கள் சேலை கிழிசல், அவ்வளவுதான். நான் அழுதுகொண்டிருந்தேன். நீங்கள் ரோட்டோரம் உட்கார்ந்து பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஓட்டுனதுல தப்பில்ல கண்ணு. வாங்கறப்பவே தோட்டத்துக்குள்ள இருக்கறதுக்குன்னு பாத்து வாங்கிப்போட்டோம்" என்றீர்கள். "ஆரும் சொல்லல. நாமளேதான் வாங்குனோம்."

வீட்டில் யாரும் கத்தவில்லை. மாமா மஞ்சள் அரைத்துப் போடச் சொன்னார். "தோட்டத்துக்குள்ள ஓட்டுனாப் போதும் அம்மணி" என்றார், அன்பாகத்தான். பவானிக்கு அந்த பேட்ச் போனதும் கூட்டிப்போனார்கள், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினீர்கள்.

அதற்கப்புறம் நிலக்கடலை உரிக்கிற நேரமெல்லாம் என் போனில் டயர் வீடியோ பார்த்தோம். யாரோ ஒரு பையன் இந்தியில் மூச்சு விடாமல் பேசுவான், நமக்கு ஒரு எழுத்தும் புரியாது. டயரை அவன் கையில் தூக்கினதும் நிறுத்தச் சொல்லிக் கோடுகளைப் பார்ப்பீர்கள். முன் சக்கரத்துக்கு நீளக் கோடு, பின்னால் தண்ணீர் வழிந்தோடுகிற மாதிரி வெட்டு, விலையில் நடுத்தரம், ரப்பர் மெத்து. எல்லாம் நீங்களே முடிவு செய்து வைத்திருந்தீர்கள். இந்த பேட்ச் போகட்டும், மாற்றிவிடலாம் என்றீர்கள். உங்கள் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வந்தபோது எனக்குச் சுருக்கென்றது.

உங்கள் வயிற்று வலியையும் அப்படித்தான் தள்ளிப்போட்டோம். இந்த பேட்ச் போகட்டும், ஸ்கேன் பார்க்கலாம் என்று. கடைசியில் எந்த பேட்ச் நடுவில் என்று யாரும் பார்க்காமல் உங்களைக் கோயமுத்தூருக்கு ஆம்புலன்ஸில்தான் கூட்டிப்போனார்கள். நீங்கள் உயிரோடு திரும்பவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை அக்கா. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்.

போன வாரம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது சிங்காநல்லூரில் அந்த டயர்களை வாங்கினேன், நீங்கள் சொன்னதேதான். கூப்பிட வந்த என் வீட்டுக்காரர், "இப்ப எதுக்கு?" என்றார். "பழசு தேஞ்சுபோச்சுங்க" என்றேன். பொய்யும் இல்லை. நம்மூர் பஞ்சர் கடையில் மாட்டினேன். புது டயர் கொஞ்ச தூரம் ஓடித் தேய்ந்த பிறகுதான் ரோட்டைப் பிடிக்குமாம், அதனால் சில நாள் இட்டேரியிலேயே மெதுவாக ஓட்டினேன். நேற்றுக் காலை சாவியை வாங்கி, பீரோவிலிருந்து லைசென்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "பவானி போயிட்டு வாரனுங்" என்றேன். மாமா தட்டிலிருந்து நிமிர்ந்து, "சாயங்காலம் குஞ்சு எறங்குது" என்றார். "அதுக்குள்ள வந்துருவனுங்" என்றேன்.

திருப்பூர் நெரிசலைத் தாண்டும்வரை இரண்டாவது கியரிலேயே போனேன். பெருந்துறைக்கு அப்புறம் மழையே வந்தது. ஒதுங்கவில்லை. மெதுவாகப் போனேன், சக்கரம் பிடித்து நின்றது. அழுதுகொண்டே ஓட்டினேன்.

உங்கள் அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார், அப்புறம் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார். "ஆரு கண்ணு கொண்டாந்து உட்டாங்க?"

"நானே வந்தனுங்கம்மா."

நம்பவில்லை. வாசலுக்கு இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். சீட்டில் இருந்த மழைத் தண்ணீரை முந்தானையால் துடைத்தார். "கூப்புட வர எனக்கு ஆளில்லையேன்னே இருந்துட்டேன். நீங்களே கொண்டாந்து உடுவீங்கன்னு அவளும் பாத்துட்டே இருந்திருப்பா" என்றார்.

சாப்பிட்டு முடிக்கும் முன்பே போன் அடித்தது. லாரி கிளம்பிவிட்டதாம். வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். உங்கள் அம்மா பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். "என்னைய ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போறயா கண்ணு? ஆத்தப் பாத்து வெகுநாளாச்சு." இதே ஊரில் இருந்துகொண்டு ஆற்றைப் பார்க்கவில்லையாம். கூட்டிக்கொண்டு போகத்தான் ஆளில்லையே. ஒருபக்கமாக உட்கார்ந்து என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீரைப் பார்த்து வெகுநேரம் நின்றோம்.

நான் வந்து சேர்வதற்குள் குஞ்சு இறங்கியிருந்தது. "இனி பேட்ச் ஓடறப்ப வேண்டாம் அம்மணி" என்று மட்டும் மாமா சொன்னார். தலையாட்டினேன். பழக்கம், அக்கா, கழுத்து தானாக ஆடுகிறது. தோளில் மட்டும் உங்கள் அம்மாவின் கை பிடித்த இடம் இப்போதும் வலிக்கிறது.

ஆற்றங்கரையில் அவர், "மறுக்கா எப்ப வருவ?" என்று கேட்டார். பேட்ச் போனதும் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.